எலக்ட்ரான் நெளிந்து போவதில்லை

ஆத்தா,

நீ கேட்ட என் பழைய பாட நோட்டுகள் இந்தக் கடிதத்தோடு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதும், "அதுக்கென்ன, நாளைக்கே அனுப்பி வச்சுர்றேன்" என்று சொல்லிவிட்டேன். பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, சணல் கட்டி, மேசைமேல் வைத்து நாலு நாள் ஆகிறது. உன் அம்மா போகும்போதும் வரும்போதும் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, "கொரியர் ஆபீசு பஸ்ஸ்டாண்டுலதான இருக்கு, போடிமெட்டுலயா இருக்கு?" என்கிறாள். திங்கட்கிழமை நீ விழுப்புரம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேரப் போகிறாய். முதல் நாளே பன்னிரண்டாம் வகுப்பில் நின்று, "எனக்கு இதச் சொல்லிக் குடுத்தது எங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்றாய். அதைச் சொல்வதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொல்ல வாய் எழவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதியே பிழைத்தவன், அதனால் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கவில்லை. கலங்கும் என்று நினைத்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் அளவோடுதான் இருக்கின்றன. ஆனால் பதினொரு வருஷமாக எதற்கும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. உன் கல்யாணத்தில் உன் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தபோது மண்டபத்தில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள். நான் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியில் ஒரு இறக்கை லேசாக வளைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கல்லுப் பிள்ளையாருக்காவது எண்ணெ தடவுனா மினுக்கு வரும், உங்கப்பாவுக்கு அதும் இல்ல" என்று அம்மா உன்னிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஓய்வு பெற்ற அன்றும் அப்படித்தான். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, பஸ்சுக்கு நேரமாகிறதே என்று நினைத்தேன். இதை உன் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. கடிதம் வறண்டு கிடக்கிறதே, அப்பாவுக்கு வருத்தமே இல்லையோ என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பாடம் உனக்கு நினைவிருக்கும். பருப்பொருள் அலைகள். ஒளியை அலை என்று நினைத்திருந்தார்கள், அது துகள் போலவும் நடக்கிறது; எலக்ட்ரானைத் துகள் என்று நினைத்திருந்தார்கள், அது அலை போலவும் நடக்கிறது. புத்தகத்தில் இரண்டரைப் பக்கம். அதை நான் நடத்துகிற விதத்தில் எனக்கே ஒரு பெருமை இருந்தது. உன் அம்மா ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கிருந்து ஒரு பழைய எட்டு எம்எம் சல்லடையைக் கேட்டு வாங்கிவந்து, இரண்டு ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மீதியை அட்டையால் அடைத்து, அதைத்தான் வகுப்புக்கு எடுத்துப் போவேன். மேலிருந்து சின்னக் காயாகப் போட்டால் ஒவ்வொரு ஓட்டைக்கும் நேர் கீழே ஒரு குவியல் விழும். "எலக்ட்ரானப் போட்டா ரெண்டு குவியல் விழாதுடா. வரிவரியா விழும். ஓட்டையே இல்லாத எடத்துக்கு நேரா நெறைய விழும், கொஞ்சம் தள்ளி ஒண்ணுகூட விழாது" என்பேன். பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் கிட்டங்கி வேலைக்குப் போகிறவர்கள். சல்லடையைப் பார்த்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒருநாள் வீட்டிலேயே அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள். "சரி, அந்தக் காய் எந்த ஓட்ட வழியாப் போச்சு?" அப்படிக் கேட்கக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது என்றேன். "கேக்கக் கூடாதுன்னா உங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம்" என்றாள். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. எனக்குத் தெரியாது. எனக்குப் பாடம் நடத்தியவருக்கும் தெரிந்திருக்காது. அவர் கரும்பலகையில் ஒரு படம் போடுவார்: மேலும் கீழுமாக நெளிகிற ஒரு கோடு, அதன் முனையில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் கழித்தல் குறி. எலக்ட்ரான் இப்படி நெளிந்து நெளிந்து போகிறது, அதனால் அது அலை. அதையே நானும் போட்டேன். முனை வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவது மட்டும் என் கைப்பழக்கம். பிள்ளைகள் அதற்கு 'சார் பாம்பு' என்று பேர் வைத்தார்கள். பாம்பைப் போட்டால் மூன்று மார்க் உறுதி என்று பேச்சு. என் நோட்ஸ் ஜெராக்ஸ் ஆகி நம் ஊர் போடி முழுக்கச் சுற்றியது. குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டிலிருந்து வந்து படித்த பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பாம்பை வரைந்தார்கள்.

அப்படி எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை ஒருமுறை எழுந்து, "சார், கடல்ல தண்ணி அலையுது. இதுல அலையிறது எது சார்?" என்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கேள்வி கேக்குற நேரத்துல ரெண்டு பதில் எழுதிப் பழகு" என்று சொல்லி, அந்த மணி முழுக்க நிற்க வைத்தேன். வகுப்பு சிரித்தது. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாதவன் கையில் அதிகாரம் இருந்தால் இப்படித்தான் செய்வான். திங்கட்கிழமை முதல் உன் கையிலும் அது இருக்கும். யாராவது எழுந்து நின்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். ஒரு மணி நேரம் உன் மானம் போகும், அவ்வளவுதான்.

நான் எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு லீவில் உன்னைக் குரங்கணிக்குக் கூட்டிப்போனேனே, ஆற்றில் தண்ணீர் தேங்கி நின்ற ஓர் இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கல்லைப் போட்டோம். இரண்டு வளையமும் ஒன்றையொன்று கடந்து போயின. மேடும் மேடும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் எழும்பியது, மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்தில் சும்மா கிடந்தது. நீ அந்தச் சும்மா கிடந்த இடத்தைக் காட்டி, "ரெண்டு அலை வந்தும் இங்க ஒண்ணுமே ஆகலயேப்பா" என்றாய். சுற்றுலா வந்த கூட்டமெல்லாம் குளித்துக்கொண்டிருக்க, நீ இருபது முப்பது கல் போட்டுப் பார்த்தாய். ஜீப்புக்காரர் ஹாரன் அடித்துச் சலித்துவிட்டார். இந்தப் பிள்ளை இயற்பியலுக்குத்தான் பிறந்திருக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நீ ஒரு மார்க்கைத்தான் விட்டாய். பெரிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் ஐந்து வருஷப் படிப்புக்கு எழுத்துத் தேர்வு எழுதினாய், அதிலும் தேறினாய். நேர்முகத் தேர்வு மட்டும் பாக்கி. 'வாத்தியார் பிள்ளை மக்கு' என்று நம் தெருவில் என்னைக் கிண்டல் செய்தவர்கள், இனிமேல் அந்தப் பழமொழியைச் சொல்ல முடியாது என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நீ வேறு புத்தகம் எதையும் தொடவில்லை. "உங்க நோட்ஸ் போதும்ப்பா" என்று சொல்லி அதையே மறுபடி மறுபடி படித்தாய்.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில், வியாழனும் வெள்ளியும் எங்களுக்குத் தேனியில் ஆசிரியர் பயிற்சி இருந்தது. உனக்கு நேர்முகத் தேர்வு அதற்கு அடுத்த வியாழக்கிழமை. பயிற்சி கொடுக்க வந்தது உன்னைவிட ஏழெட்டு வயது மூத்த ஒரு பெண். விடைத்தாள்களிலிருந்து எடுத்த படங்களைத் திரையில் காட்டி, "இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாலாவதோ ஐந்தாவதோ படமாக நம் பாம்பு வந்தது. முனை வட்டம் பெரிதாக. என் வகுப்புப் பிள்ளை எதுவோ வரைந்தது. அந்தப் பெண் யாரையும் புண்படுத்தாமல்தான் விளக்கினாள். எலக்ட்ரான் மேலும் கீழும் ஆடிக்கொண்டு போவதில்லை. ஒவ்வொன்றாக அனுப்பினாலும் ஒவ்வொன்றும் திரையில் ஒரே ஒரு புள்ளிதான் வைக்கிறது. ஆயிரக்கணக்கில் புள்ளிகள் விழுந்த பிறகுதான் வரிகள் தெரிகின்றன. எங்கே விழ வாய்ப்பு அதிகம், எங்கே வாய்ப்பே இல்லை என்பதைத்தான் அந்த அலை சொல்கிறது. அது எலக்ட்ரான் நடந்த வழித்தடம் இல்லை. "இந்தப் படத்த யாரோ ஒரு சார் ரொம்ப வருஷமாப் போட்டுக்கிட்டு இருக்காரு போல" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். அப்போதுதான் எனக்குள் என்னவோ மரத்துப் போனது. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

உன்னிடம் சொல்லவில்லை. இன்னும் ஆறு நாள்தானே இருக்கிறது, இப்போது போய்க் குழப்பினால் தெரிந்ததும் மறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனையோ பாடம் இருக்கிறது, அந்த இரண்டரைப் பக்கத்திலா கேட்கப் போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை நீயும் நானும் மதுரை போய் ரயில் ஏறினோம். வழியெல்லாம் நோட்டு உன் மடியில் இருந்தது. திண்டுக்கல் தாண்டியபோது அந்தப் பக்கம்தான் விரிந்திருந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறக்க எனக்கு முழுதாக ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தது ஒரு நெளிகோடு, அவ்வளவுதான்.

நீ உள்ளே போனாய். நான் வெளியே புங்க மரத்தடியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எப்படித்தா இருந்துச்சு?" என்றேன். "நல்லாத்தான்ப்பா பேசுனாங்க. நம்ம பாடத்துல எதுவும் கேக்கல, வேற என்னென்னமோ கேட்டாங்க. வாங்க, மொதல்ல சாப்புடுவோம்" என்றாய். எனக்குத் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தாய். உனக்கு அப்போது பதினேழு வயது. நம்ம பாடத்தில் எதுவும் கேட்கவில்லை என்று நீ சொன்ன விதத்திலேயே, அதைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் உன்னிடம் கேட்கவில்லை. பிறகு இடம் கிடைக்கவில்லை என்று கடிதம் வந்தபோதும் கேட்கவில்லை. நீ இங்கேயே பி.எஸ்சி. சேர்ந்தாய், எம்.எஸ்சி., பி.எட். முடித்தாய், கல்யாணம் ஆனது, போட்டித் தேர்வு எழுதி இந்த வேலையையும் வாங்கிவிட்டாய். கல்லூரிக்குப் போன இரண்டாம் வருஷமே அந்தப் படம் தப்பு என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள்கூட நீ என் முன்னால் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

வகுப்பில் ஒரு கணக்குக் கொடுப்பேன். ஒரு மாறிலியைப் பொருளின் உந்தத்தால் வகுத்தால் அதன் அலைநீளம் வரும். எலக்ட்ரானுக்குப் போட்டால் அளக்க முடிகிற ஒரு நீளம் வரும். குரங்கணியிலிருந்து லோடு ஏற்றி இறங்குகிற ஜீப்புக்குப் போட்டால், புள்ளிக்குப் பிறகு ஒரு வரி நிறையப் பூஜ்யமாக வரும். "ஜீப்புக்கும் அலை உண்டுடா, ஆனா அதுக்காக டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டாம்" என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எடை கூடக் கூட அலை சுருங்கிப் போகிறது. இல்லாமல் போவதில்லை, எந்தக் கருவியிலும் தெரிவதில்லை. உன் கல்யாணத்தில் எனக்கு என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். இது சாக்குப் போலக் கேட்கிறது என்று எனக்கும் தெரிகிறது.

போன வாரம், உனக்கு வேலை உத்தரவு வந்த சந்தோஷத்தில், காய் நறுக்கிக்கொண்டே அம்மா சொல்லிவிட்டாள். "இனிமே சொன்னா என்ன, பிள்ள ஒரு வழியா நல்லா வந்துட்டா" என்றுதான் ஆரம்பித்தாள். நேர்முகத் தேர்வு முடிந்து வந்த மறுநாளே நீ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். எலக்ட்ரான் அலை என்றால் அதில் அலைவது எது என்று கேட்டார்கள். நீ நம் பாம்பை வரைந்து காட்டினாய். அவர்களில் ஒரு வயதானவர், "அப்ப இது மேல போறப்ப எது இழுக்குது, கீழ வர்றப்ப எது தள்ளுது?" என்று கேட்டார். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, "யாரும் இல்ல சார், நானாத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்" என்றாய். இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். "அப்பாவுக்குச் சொல்லிறாதம்மா. அவருக்குத் தெரியாதுல்ல, பாவம்." அம்மா அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள், அப்பாவைக் காப்பாற்றிய கெட்டிக்காரப் பிள்ளை என்று. நான் எழுந்து போய்க் கை கழுவினேன். அழுகை வரும் என்று குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்தான் வீணானது.

இந்தப் பதினொரு வருஷமும் நீ என்னைப் பாவம் என்று வைத்திருக்கிறாய். அறியாமல் செய்த பிழை என்று. நீ கொடுத்த இடத்தில் நான் சாகும்வரை சௌகரியமாக உட்கார்ந்திருக்கலாம். எழுந்துகொள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை நீ முன்பின் தெரியாத பிள்ளைகள் முன்னால் நின்று என் பேரைச் சொல்லப் போகிறாய். அதனால், மேலே நான் விட்டுவிட்ட ஒரு நாளையும் இப்போது எழுதிவிடுகிறேன். ஆறு நாள்தானே என்று எழுதினேன் அல்லவா, அதில் ஒரு நாள்.

பயிற்சி முடிந்து வந்த திங்கட்கிழமை காலை, பொதுத் தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கான துணைத் தேர்வுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்கப் போனேன். இயற்பியலில் ஒன்பது பேர் தவறியிருந்தார்கள். நாலு மார்க்கும் ஏழு மார்க்கும் எடுத்த பிள்ளைகள். அவர்களிடம், "போன வருஷம் நான் போட்ட படம் தப்புப்பா. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது" என்று சொன்னேன். எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. பரீட்சையில் தோற்றவர்கள் முன்னால் தோற்பது சுலபமாக இருந்தது. ஒன்பது நோட்டையும் வாங்கி, என் கையாலேயே சிவப்பு மையில் பாம்பை அடித்துவிட்டு, பக்கத்தில் புள்ளிகளாக வரைந்து கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நீ இதே மேசையில் உட்கார்ந்திருந்தாய். நான் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, என் விரலில் சிவப்பு மை இருந்தது. நீ நோட்டை என் பக்கம் திருப்பி, அந்தப் படத்தின்மேல் விரலை வைத்து, "அப்பா, இதக் கேட்டா இப்படியே போடலாம்ல?" என்றாய். நீயாகக் கேட்டாய், ஆத்தா. பழைய நோட்ஸ் அத்தனையையும் விட்டுவிட்டு, அந்த ஒன்றைத்தான் கேட்டாய்.

"தாராளமாப் போடு" என்றேன்.

அப்பா